பதினொரு சீட்டு

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பதினாறு வருடம் கப்டனாக இருந்துவிட்டேன். இது பதினேழாவது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று எனக்கு உண்டு. அதை அக்காவும் தபால்காரரும் மட்டும் சொல்வார்கள். மற்றவர்களுக்கு நான் கப்டன். ஒருமுறை வேலணையில் பஸ் ஏறியபோது கொண்டக்டர், "கப்டனுக்கு முன் சீற்றை விடுங்கோ" என்று சத்தம் போட்டார். முன்னுக்கு இருந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் கப்பல்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, எழும்பி நின்றுவிட்டார். நான் பின் கதவால் இறங்கி அடுத்த பஸ்ஸில் போனேன்.

விளையாட்டில் நான் பெரிய ஆள் இல்லை. பின்னுக்கு நின்று மறிப்பேன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் கப்டன் என்பவன் விளையாட்டுக்கு மட்டும் உரியவன் இல்லை. யாழ்ப்பாணத் தீவொன்றில், ஊர்காவற்றுறைப் பக்கக் கரையில் இருக்கிற சின்னக் கடற்றொழில் ஊர் எங்களுடையது. சண்டைக் காலத்தில் சில வருடங்கள் ஒரு சனமும் இல்லாமல் கிடந்தது. திரும்பி வந்தபோது கோயில் கூரையில் ஆலங்கன்று முளைத்திருந்தது. கோல் கம்பங்களை யாரோ விறகுக்கு வெட்டியிருந்தார்கள். அன்றைக்குத் திரும்பி வந்தவர்கள் எங்கள் கோயில் புனிதருக்கு ஒரு நேர்த்தி வைத்தார்கள். பந்தும் கோல் வலையும் கப்டன் வீட்டில் இருக்க வேண்டும். கப்டன் ஒவ்வொரு இரவும் ஊரிலேயே படுக்க வேண்டும். பகலில் எங்கேயும் போகலாம், கடலுக்கும் போகலாம், ஆனால் படுக்கை ஊரில். இனி ஒருநாளும் ஊர் ஆளில்லாமல் விடியக்கூடாது, அதற்கு ஒருவனாவது பொறுப்பு.

அந்த ஒருவனைச் சீட்டுப் போட்டுத்தான் தெரிந்தெடுப்பார்கள். கரையில் எந்த இடத்தில் யார் வலை வளைப்பது என்பதையும் எங்கள் ஆட்கள் சீட்டில்தான் தீர்ப்பார்கள். மனிதர் தெரிந்தெடுத்தால் கோபம் வரும், சீட்டு விழுந்தால் வராது. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்தபின், முதல் அணியில் இருக்கிற பதினொரு பேரின் பெயர்களைப் பதினொரு துண்டில் எழுதி மடித்து ஓலைப்பெட்டியில் போடுவார்கள். எங்கள் பங்குச் சுவாமி துண்டுகளை உரத்து எண்ணிவிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்து வாசிப்பார். மற்றப் பத்தையும் யாரும் விரிப்பதில்லை. விரித்தால் புனிதரைச் சந்தேகப்பட்டது மாதிரி. அவை ஒரு டின்னுக்குள் கிடந்து, அடுத்த விபூதிப் புதனுக்குப் பழைய குருத்தோலையோடு எரியும். அந்தச் சாம்பலைத்தான் சுவாமி எங்கள் நெற்றியில் இடுவார்.

சீட்டு எழுதுகிற வேலை கோயில் மூப்பருடையது. கோயில் காரியங்களைப் பார்ப்பவர் அவர். அவர் என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான்.

முதல் சீட்டு விழுந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. மூத்த அண்ணர் பிரான்சில் இருந்தார். என்னைக் கூப்பிட எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டார். நான் யாருக்கும் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பயணத்தை முன்கூட்டிச் சொன்னால் கண்ணூறு பட்டுக் குழம்பிவிடும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. போய் இறங்கியபின்தான் சொல்வோம். வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். புறப்பட மூன்று கிழமை இருக்கும்போது சுவாமி பெட்டிக்குள் கையை விட்டு என் பெயரை வாசித்தார்.

அன்று பின்னேரம் அண்ணருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"புனிதர் என்னை நிக்கச் சொல்லுறார், அண்ணை. ஒரு வருசம் பொறுங்கோ."

"புனிதரோ ரிக்கற் எடுக்கிறவர்? விசரா, வா."

"ஏலாது அண்ணை. சீட்டு விழுந்திட்டுது."

அடுத்த வருடமும் என் பெயர் விழுந்தது. அதற்கு அடுத்த வருடமும். ஊர் புதுமை என்றது. பக்கத்து ஊர்ச் சனம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. ஆறாம் வருடம் அம்மா செத்தார். அதற்குள் அண்ணரின் வழி அடைபட்டுவிட்டது. "இனி வந்து என்ன செய்யப்போறாய்" என்று ஒருநாள் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கப்டனின் வேலைகளைச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன் நாணயம் சுண்டும்போது எந்தப் பக்கம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பெருநாள் ஆட்டங்கள் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் வரும், அதனால் முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக ஆடுவதுதான் புத்தி. பிந்திக் கால் களைக்கும்போது காற்று எங்களைத் தள்ளும். எங்கள் பெடியள் யாரையாவது அடித்துவிட்டால் அந்த ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பின்னேரமும் கோல் வலையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மாடு தின்னும். பழைய மீன் வலைதான், கிழிந்தால் நானே பொத்துவேன். இவையெல்லாம் எனக்குப் பழகிவிட்டன. பழகாதது மைக்.

முதல் வருடம் கிண்ணம் எடுத்தபோது அறிவிப்பாளர், "இப்பொழுது கப்டன் அவர்கள் இரண்டு வார்த்தை பேசுவார்" என்றார். நான் "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சரியாக இரண்டு வார்த்தை. சனம் சிரித்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் நான் மேடையேறினால் முன்வரிசையில் இருக்கிறவர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். மூன்றாவது சொல் வந்தால் கைதட்டுவோம் என்பார்கள். பதினாறு வருடத்தில் ஒருமுறையும் வரவில்லை.

நாற்பதைத் தாண்டியபின் மைதான ஓரத்தில் வேறு பகிடி தொடங்கியது. "கப்டன் அப்பா, முழங்காலுக்கு எண்ணெய் போட்டனீங்களோ?" "பந்து போயிட்டுது அண்ணை, நீங்கள் ஆறுதலா வாங்கோ!" நானும் சிரிப்பேன். விலகலாம் என்றால் சீட்டு விழுந்தவன் விலகுவதாக வழக்கம் இல்லை. அடுத்த சீட்டில் விடுபடுவேன் என்று ஒவ்வொரு தவக்காலமும் நினைப்பேன்.

ஒன்றை மட்டும் மறக்க ஏலாது. மகள் பிறந்த நாள். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் காலையில் பிரசவ நோ கண்டது. பின்னேரம் ஆகியும் பிள்ளை பிறக்கவில்லை. டொக்டர் முகம் நல்லாயில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் வாசலில் நின்றேன்.

"போங்கோ," என்றாள் மனைவி. "நேர்த்தி குழம்பினால் பிள்ளைக்குக் கூடாது."

நான் வந்துவிட்டேன். தீவுக்கு வரும் தாம்போதி வீதியில் இரண்டு பக்கமும் தண்ணீர். பஸ்ஸில் நான் மட்டும் இருந்தேன். பிள்ளை விடியப் பிறந்தது. மனைவிக்கு இரத்தம் ஏற்றினார்கள் என்று அடுத்த நாள்தான் அறிந்தேன். அவள் அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

இந்த வருடம் விபூதிப் புதனுக்கு முன் அத்தானுக்குக் கண் ஒப்பரேசன் நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். புகை படக்கூடாது.

"தம்பி, குருத்தோலையை நீ எரிச்சுச் சாம்பலைச் சுவாமியிட்டைக் குடு. சீட்டு டின்னை அப்படியே நெருப்பிலை போடு."

கோயில் பின்பக்கம் குருத்தோலைகளைக் குவித்துக் கொளுத்தினேன். டின்னைக் கையில் எடுத்தேன். நல்ல பால்மா டின், மூடி இறுக்கமாக இருந்தது. தூண்டில் சாமான் போட்டுவைக்க உதவும். நெருப்பில் போட மனம் வரவில்லை. மூடியைத் திறந்து துண்டுகளை மட்டும் கொட்டினேன். சோளகம் இன்னும் தொடங்கவில்லை, ஆனாலும் கடற்காற்று இருந்தது. இரண்டு துண்டு நெருப்புக்கு வெளியே பறந்து விழுந்தன. எடுத்தேன். ஒன்று விரிந்திருந்தது. என் பெயர்.

பிழையில்லை, அதைத்தான் சுவாமி போன வருடம் வாசித்தார் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது. வாசித்த துண்டு கோயில் அறிவித்தல் பலகையில் குத்தியிருக்கிறது. மற்றதை விரித்தேன். அதிலும் என் பெயர். நெருப்பு ஓரத்தில் கருகத் தொடங்கியவற்றைக் கையால் இழுத்து எடுத்தேன். விரல் சுட்டது. எடுக்க முடிந்தது ஆறு. ஆறிலும் நான்.

சாம்பலைச் சுவாமியிடம் கொடுத்துவிட்டு நேரே அத்தான் வீட்டுக்குப் போனேன். அக்கா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான், டின்னைத் திறந்தனான்."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அப்படியே போடச் சொன்னனான் எல்லோ."

"நல்ல டின்."

"டின்னுக்காகத் திறந்தனியோ?"

"ஓம். எப்பேலேந்து அத்தான்?"

"முதல் வருசத்திலேந்து." குரலைத் தாழ்த்தினார். "உன்ரை அக்கா அழுதவள். மூத்தவன் போயிட்டான், இவனும் போனால் அம்மாவை ஆர் பாக்கிறது எண்டு. ஒரு வருசம் மறிச்சு வைப்பம் எண்டுதான் செய்தனான்."

"மற்ற வருசங்கள்?"

"ரெண்டாம் வருசம் எழுதேக்கை உன்ரை அண்ணன் திரும்பவும் கூப்பிட்டவன். மூண்டாம் வருசம் ஊர் புதுமை எண்டுது. நீயும் அதை நம்பிக்கொண்டு நிண்டனி. வேறை பேர் விழுந்தால் நீ உடைஞ்சு போவாய் எண்டு நினைச்சன்."

"அம்மா செத்துப் பத்து வருசம்."

"ஓம்." கண்ணாடியைக் கழற்றப் போனார், பிறகு கையை எடுத்துவிட்டார். "பிறகு நிப்பாட்டத் தெரியேல்லை, தம்பி. இந்த முறை நீயே எழுது. என்ரை கண்ணுக்கு எழுத்துத் தெரியேல்லை எண்டு சுவாமியிட்டைச் சொல்லுறன்."

குசினியில் சத்தம் நின்றுவிட்டது. அக்கா கேட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். வெளியே வரவில்லை.

அந்தத் தவக்காலம் முழுவதும் நான் கோபமாக இருந்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. வலை இழுத்தேன், பந்துக்குக் காற்றடித்தேன். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. கப்டன் இல்லாத ஒரு இரவு. யாழ்ப்பாணத்தில் யாராவது வீட்டுத் தரையில் ஒரு பாய் போட்டுப் படுத்து, அங்கே விடிய எழும்ப வேண்டும்.

சீட்டு எழுதுகிற நாள் வந்தது. நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். எழுத்து மெல்ல மெல்லத்தான் வரும். மேசையில் பதினொரு துண்டை வைத்துப் பத்துப் பேரின் பெயரை எழுதினேன். பதினோராவது என் பெயர். பேனையைப் பிடித்தபடி இருந்தேன். ஒரு துண்டைக் குறைக்க ஏலாது, சுவாமி எண்ணுவார். யாராவது ஒருவன் பெயரை இரண்டு தரம் எழுத வேண்டும்.

எங்கள் கோலியை நினைத்தேன். கோலி என்றால் எங்கள் கோல் காப்பவன். இருபத்துநான்கு வயது, கலியாணம் ஆகவில்லை, பெரிய குரல், மைக்கைக் கண்டால் விடமாட்டான். கப்டன் என்றால் துள்ளுவான் என்று நினைத்தேன். எழுதினேன். மனம் இலேசாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஞாயிறு சுவாமி எண்ணினார். பதினொன்று. கண்ணை மூடினார், எடுத்தார், கோலியின் பெயரை வாசித்தார்.

சனம் ஒரு கணம் விளங்காமல் நின்றது. பிறகு கைதட்டியது. நான்தான் முதலில் போய் அவன் கையைப் பிடித்தேன். கை குளிர்ந்திருந்தது. இரண்டு பேர் வந்து என் முதுகில் தட்டி, "கப்டனுக்கு பென்சன்" என்றார்கள். அன்று பின்னேரம் வலையைக் கழற்ற நான் போகவில்லை.

செவ்வாய் காலை கோலி கரைக்கு வந்தான். நான் வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். வலையைத் தோளில் போட்டிருந்தான்.

"அண்ணை, ஒரு கதை. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லு."

"எனக்குக் கட்டாருக்கு வேலை சரி. மெடிக்கல் முடிஞ்சுது, ரிக்கற் வந்திட்டுது. வாற சனி பிளைற். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

நான் இறைத்த சட்டியை வைத்துவிட்டேன்.

"போகேல்லை அண்ணை," என்றான். "நாளைக்கு ஏஜென்சிக்குச் சொல்லப்போறன். அம்மா அழுறா. ஆனால் பதினாறு வருசம் உங்களை விடாத புனிதர் இப்ப என்னைக் கேக்கிறார். நான் என்னெண்டு போறது? ஒரு வருசம்தானே."

அதே சொற்கள். நான் அண்ணருக்குச் சொன்ன அதே சொற்கள். அவன் வலையைக் காட்டி, இடது பக்கம் கிழிந்திருக்கிறது, எப்படிப் பொத்துவது என்று கேட்டான். காட்டிக்கொடுத்தேன். என் கை தன் பாட்டுக்கு முடிச்சுப் போட்டது, மிச்சத்தை அவன் போட்டான்.

அவன் போனபின் கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு இந்தப் பக்கம் முழங்காலில் இருந்து சொல்வது எனக்குச் சுகம். முகம் தெரியாது, குரலை உயர்த்தத் தேவையில்லை. சுவாமி எங்களுக்குப் புதியவர், இளம் ஆள். நான் சீட்டு என்று தொடங்கும்போதே மறித்தார்.

"கொஞ்சம் பொறும். சீட்டு விசயமோ?"

"ஓம் சுவாமி."

"இதுக்குள்ளை சொன்னால் நான் பிறகு வாயைத் திறக்க ஏலாது. அது தெரியுமோ?"

"தெரியும்."

"நான் வாயைத் திறக்காட்டில் ஆருக்கும் நட்டம் வருமோ?"

"வரும்," என்றேன். கோலியின் தோளில் வலை இருந்தது கண்ணுக்குள் நின்றது.

"அப்ப எழும்பும்," என்றார். "நாளைக்குக் காலமைப் பூசை முடிய வெளியிலை சொல்லும். மைக் தாறன்."

இரவு நித்திரை இல்லை என்று சொன்னால் பொய். நல்லாகப் படுத்தேன், பயத்தில் வந்த நித்திரை. காலையில் கோயில் நிறைந்திருந்தது. எப்படியோ கதை போய்விட்டது. கப்டன் பேசப்போகிறார் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? கோலி ஏஜென்சிக்குப் போக உடுத்துக்கொண்டு கடைசி வாங்கு வரிசையில் இருந்தான். அத்தான் முன்னுக்கு, கறுப்புக் கண்ணாடியோடு. பக்கத்தில் அக்கா.

மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் ஒருவர் விரலை நீட்டினார்.

"இந்த முறை சீட்டு எழுதினது நான்," என்றேன். "என்ரை பேரை எழுதேல்லை. கோலியின்ரை பேரை ரெண்டு தரம் எழுதினனான். சீட்டுச் செல்லாது. அவன் போகலாம்."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. பிறகு ஒரே சத்தம். மீன் விற்கிற அக்கா ஒருவர் எழும்பினார்.

"பதினாறு வருசம் உம்மைத் தூக்கி வைச்ச புனிதரையே ஏமாத்திப்போட்டீரே! சலிச்சுப் போச்சோ ஐயாவுக்கு?"

"ஓம்," என்றேன். மைக் இன்னும் வாய்க்கு முன்னால் இருந்தது. அந்த ஓம் கோயில் முழுக்கக் கேட்டது.

அத்தான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். அவர் சொன்னால் அதன்பின் அக்கா இந்தக் கோயிலுக்குள் எப்படி வருவாள்? நான் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் தெரிந்ததோ தெரியாது. அவர் நின்றார், பிறகு இருந்துவிட்டார்.

சுவாமி, "அப்ப புதுச் சீட்டுப் போடுவம், நானே எழுதுறன்" என்றார்.

"என்னத்துக்குச் சுவாமி?" என்று பின்னுக்கிருந்து ஒரு குரல். "பேரை ஒளிச்சும் புனிதர் கப்டனைத் திருப்பிப் பிடிச்சுத் தந்திட்டார். இதைவிட என்ன சீட்டு?"

சிரிப்பு எழும்பியது. கோபம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. கைகள் தட்டின. "கப்டன்! கப்டன்!" என்றார்கள். சுவாமி என்னைப் பார்த்தார். வேண்டாம், சீட்டுப் போடுங்கோ என்று சொல்ல ஒரு சொல் போதும். மைக் கையில்தான் இருந்தது. கடைசி வாங்கில் கோலி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். புதுச் சீட்டில் அவன் பெயரும் இருக்கும். மைக்கைச் சுவாமியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோலி வீட்டு வாசலில் வான் நின்றது. கொழும்புக்கு இரவுப் பயணம். இனி மறைக்க ஒன்றும் இல்லாததால் ஊரே வழியனுப்பப் புறப்பட்டது. வானுக்குள் ஆட்கள் மடியில் மடியாக இருந்தார்கள்.

"அண்ணை, எயாப்போட்டுக்கு வாங்கோவன்," என்றான். சொன்னவுடன் நினைவு வந்து நாக்கைக் கடித்தான்.

"போய்ச் சேர்ந்து சொல்லு," என்றேன். வான் கதவு இறுகாது, வெளியிலிருந்து ஓங்கி அடிக்க வேண்டும். அடித்துச் சாத்தினேன்.

மைதானத்துக்குப் போய் வலையைக் கழற்றினேன். இடது பக்கம் கோலி போட்ட முடிச்சு நல்லாகத்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். மனைவி தேநீர் வைத்துக்கொண்டு எதிரே இருந்தாள். அத்தானின் கதையை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். டின், ஆறு துண்டு, முதல் வருடம், எல்லாம்.

அவள் தேநீரைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை நீங்கள் நிண்டிருக்கலாம்," என்றாள்.

"ஓம்."

"நான்தானே போகச் சொன்னனான்." கோப்பையை எடுத்து வைத்தாள். "இந்த வருசம் உங்கடை பேர் உண்மையா விழுந்ததோ?"

"சீட்டே போடேல்லை."

"அப்ப இந்த முறை ஆர் தெரிஞ்செடுத்தது உங்களை?"

வெளியே மாடு கத்தியது. வலையை எடுத்துவிட்டேனா என்று ஒருமுறை குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். இருந்தது.